கேபிளின் மறுமுனை

சந்து குறுகலாக இருந்ததால் வேனைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, பேட்டரியையும் சாமான் பையையும் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு இருவரும் நடந்தார்கள். பேட்டரியைத் தூக்கியவர் மீட்டர்காரர். பையைத் தூக்கியவன் அவருடைய மச்சினன். கனமானதை மாமா தூக்க, இலேசானதை மச்சினன் தூக்கும் இந்த ஏற்பாடு எப்போது யாரால் செய்யப்பட்டது என்று கேட்டால் இருவருக்குமே பதில் தெரியாது.

பழைய வண்டிகளின் மீட்டர் போர்டைக் கழற்றிப் பழுதுபார்ப்பது அவர்கள் தொழில். வேகம் காட்டும் முள், பெட்ரோல் காட்டும் முள், சூடு காட்டும் முள், நாலைந்து குட்டி பல்புகள், இவ்வளவும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். அதை வெளியே எடுப்பதற்குள் கை கிழியும், இடுப்பு ஒடியும், வாயில் கெட்ட வார்த்தை வரும். அதனால்தான் சாதாரண மெக்கானிக்குகள் அந்த வேலையை இவர் தலையில் கட்டிவிடுவார்கள். ஊரே அவரை மீட்டர்காரர் என்றுதான் கூப்பிட்டது. மச்சினனைக் குச்சி என்று கூப்பிட்டது. அவன் உடம்புக்கு அதைவிடப் பொருத்தமான பேரை யாராலும் வைத்திருக்க முடியாது.

குச்சி, மீட்டர்காரரின் மனைவிக்குத் தம்பி. தாயில்லாத பிள்ளையை அக்காதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். இப்போது முப்பதைத் தாண்டிவிட்டான். ஆனாலும் காலையில் இருவரும் கிளம்பும்போது அவள் வாசலுக்கு வந்து, "அவனைப் பாத்துக்கோங்க" என்று கணவரிடம் சொல்லாமல் விடமாட்டாள்.

"என்னைப் பாத்துக்கடான்னு அவன்கிட்ட ஒரு நாளாவது சொல்லியிருக்கியா?" என்று இவர் கேட்பார்.

"உங்களுக்கென்ன, உங்களைப் பேய்கூடத் தொடாது" என்பாள் அவள்.

அன்று காலையும் அதையேதான் சொன்னாள்.

கேட்டைத் திறந்தவர் ஒரு வயதான பெண்மணி. தடித்த கண்ணாடி, வாரி இழுத்துக் கட்டிய நரைத்த முடி. பள்ளிக்கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தவர் என்பதால் அக்கம்பக்கத்தில் டீச்சர் என்றால்தான் தெரியும். தனியாக இருக்கிறார். வாங்க என்றும் சொல்லவில்லை, தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்கவில்லை. நேராக வீட்டின் பின்பக்கம் இருந்த ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"ரிப்பேர் பண்ண வேண்டாம்" என்றார். "அந்த மீட்டரைக் கழட்டி எடுத்துட்டுப் போயிடுங்க. எனக்குத் திருப்பித் தர வேண்டாம். அது வண்டியில இருக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"ஏம்மா, என்ன தொந்தரவு பண்ணுது?"

டீச்சர் ஷெட்டின் கதவைப் பார்த்துக்கொண்டே பேசினார். "முள் ஆடுது."

"அது ஓடுற வண்டியில ஆடத்தானே செய்யும்."

"நிக்கிற வண்டியில ஆடுது. ஷெட்டுக் கதவு திறந்திருந்தா சமையல்கட்டு ஜன்னல் வழியா எனக்குத் தெரியும். உள்ளே விளக்கு எரியுது, முள் ஏறி ஏறி இறங்குது. பேட்டரியைக் கழட்டிப் பல வருஷம் ஆச்சு."

குச்சி சிரிப்பை அடக்க இருமினான். மீட்டர்காரர் அவனை முறைத்துவிட்டு, எலி எதையாவது கடித்திருக்கும், வெயில் கண்ணாடியில் பட்டு விளக்கு மாதிரித் தெரிந்திருக்கும் என்று வாய்க்கு வந்த சமாதானத்தைச் சொன்னார். அவருக்கே அது அரைகுறையாகத்தான் பட்டது. டீச்சர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எதையும் நம்பியதாகத் தெரியவில்லை.

ஷெட்டின் கதவைத் திறந்ததும் பழைய எண்ணெயும் ஈரச் சாக்கும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. வெளியே பளீரென்று பகல் வெயில். உள்ளே நாலடிக்கு மேல் அந்த வெயில் போகவில்லை. கார் முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்து நின்றுகொண்டிருந்தது. அதன் முன் பம்பருக்கும் சுவருக்கும் இடையில் ஒரு ஒல்லியான ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்குத்தான் இடம்.

"இவ்வளவு ஒட்டியா நிறுத்துவாங்க? பானட்டைத் திறந்து எப்படி நிக்கிறது?" என்று கேட்டார் மீட்டர்காரர்.

"நாங்க அப்படி நிறுத்தல" என்றார் டீச்சர். வாசற்படியைத் தாண்டி அவர் உள்ளே வரவே இல்லை. "ஆள் விட்டுப் பின்னாடி தள்ளி வச்சாலும் அது மறுபடி அங்கதான் போய் நிக்குது."

சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குள் போய்விட்டார்.

இருவரும் சேர்ந்து வண்டியைப் பின்னால் இழுத்துப் பார்த்தார்கள். மலையை இழுப்பது போலிருந்தது. சக்கரம் அசையவில்லை. "தானா முன்னாடி போற வண்டி, நாம இழுத்தா வரமாட்டேங்குது பாருங்க மாமா. ரொம்ப ரோஷக்கார வண்டி" என்றான் குச்சி. பிறகு வயிற்றை எக்கிக்கொண்டு அந்தச் சந்துக்குள் புகுந்து பானட்டைத் தூக்கி நிறுத்தினான். கொண்டு வந்த பேட்டரிக்கு வேலை இல்லை. பழுதுபார்ப்பதென்றால் முதலில் அதை மாட்டி, எந்த பல்பு எரிகிறது என்று பார்ப்பார்கள். இது வெறும் கழற்றும் வேலை. பேட்டரியை ஷெட்டு வாசலில் வெயிலிலேயே வைத்துவிட்டார் மீட்டர்காரர்.

இந்த வேலையில் ஒரு முறை உண்டு. வேக முள்ளை ஆட்டுவது ஒரு நீளமான கேபிள். கியர்ப் பெட்டியில் தொடங்கி, இன்ஜின் பக்கமாக வந்து, நடுவில் இருக்கும் தகட்டின் ஓட்டை வழியாக உள்ளே நுழைந்து மீட்டரின் முதுகில் பூட்டியிருக்கும். அது விறைப்பாக நிற்கிற வரை மீட்டர் வெளியே வராது. அதனால் ஒருவர் பானட்டுக்குக் கீழே நின்று கேபிளை உள்ளே தள்ள வேண்டும். இன்னொருவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, மீட்டருக்குப் பின்னால் கையை விட்டு, தடவித் தடவியே பூட்டை விடுவிக்க வேண்டும். திறந்த பானட் நடுவில் மறைப்பதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. குரல் மட்டும்தான். உள்ளே இருப்பவர் "தள்ளு" என்பார். வெளியே இருப்பவர் தள்ளுவார். மீட்டர்காரருக்கு அது எந்த அளவுக்கு ஊறிப்போயிருந்தது என்றால், ஒரு முறை தூக்கத்தில் "தள்ளு" என்று அதட்ட, பக்கத்தில் படுத்திருந்த மனைவி பதறி நகர்ந்து கட்டிலிலிருந்து கீழே விழுந்தாள்.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்ததும் பஞ்சு நைந்து விழுந்த பள்ளம் ஒன்று மீட்டர்காரரை வாங்கிக்கொண்டது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் தூசி படிந்த கண்ணாடி. அதற்குள் முட்கள் எல்லாம் ஒழுங்காகப் பூஜ்யத்தில் படுத்திருந்தன. மேல் திருகுகள் எளிதாக வந்தன. அடியில் ஒன்று மட்டும் உள்வாங்கி இருந்தது.

"மாப்ள, இதுக்குக் குட்டை ஸ்க்ரூடிரைவர் வேணும். பையில இருக்கா?"

"வேன்ல கிடக்குது. இதோ வந்துடறேன் மாமா."

அவன் சுவரை உரசிக்கொண்டு வெளியே வரும் சத்தமும், செருப்புச் சத்தம் சந்தில் தேய்ந்து மறைவதும் கேட்டன. அதன் பிறகு ஷெட்டில் சத்தமே இல்லை. சும்மா உட்காருவது மீட்டர்காரருக்கு ஆகாத காரியம். போர்டின் மேல்பக்கத்தைக் கொஞ்சம் முன்னால் இழுத்து, கிடைத்த இடைவெளியில் வலது கையை முழங்கை வரை உள்ளே விட்டார். ஒயர்கள், தகட்டின் கூர்முனை, சிலந்திக் கூடு. விரல்நுனியில் கேபிளின் பூட்டு தட்டுப்பட்டது. விறைப்பாக இருந்தது.

மனம் வேறெங்கோ இருக்க, வாய் தன் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"தள்ளு."

கேபிள் தளர்ந்தது.

அவர் பூட்டை அழுத்திப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம்."

இன்னும் கொஞ்சம் வந்தது. பதமாக, நிதானமாக, வேலை தெரிந்த கை தள்ளுவது போல வந்தது. இந்தப் பயல் இவ்வளவு ஒழுங்காக என்றைக்குத் தள்ளியிருக்கிறான் என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டார். பூட்டு விடுபட்டது.

"போதும்."

கேபிள் நிற்கவில்லை.

"போதும்டா!"

அது வந்துகொண்டே இருந்தது. அவர் மணிக்கட்டில் ஒரு சுற்று விழுந்தது, இன்னொரு சுற்று விழுந்தது. எந்த வண்டியிலும் அவ்வளவு நீளக் கேபிள் கிடையாது. எரிச்சலில் அவர் தலையை நிமிர்த்தினார். பார்வை தற்செயலாகப் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் விழுந்தது.

கண்ணாடியில் ஷெட்டு வாசல் தெரிந்தது. வெயில் தெரிந்தது. கையில் குட்டை ஸ்க்ரூடிரைவரைச் சுழற்றியபடி, வாயில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, சந்திலிருந்து அப்போதுதான் வந்துகொண்டிருந்தான் குச்சி.

அப்படியானால் முன்னால் நிற்பது யார்?

கையை உருவினார். வரவில்லை.

கேபிள் சுற்றியிருந்த இடத்தில், கேபிளுக்கு மேலே, ஒரு கை வந்து பிடித்தது. கேபிள் நுழைகிற ஓட்டையில் ஒரு விரல் நுழையவே சிரமம். அதன் வழியாக ஒரு முழுக் கை வந்திருந்தது. உலர்ந்து, குளிர்ந்து, நகம் வளர்ந்த கை. அது நசுக்கவில்லை. தண்ணீரில் மூழ்குகிறவன் பிடிப்பதுபோல, விட்டால் போச்சு என்று பிடித்திருந்தது.

மீட்டர்காரருக்குக் கத்த வேண்டும் என்று தோன்றியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"மாப்ள, வந்துட்டியா?" என்றது அவருடைய குரல். "முன்னாடி போ. கேபிளைத் தள்ளு."

அவர் வாயைத் திறக்கவே இல்லை. குரல் பானட்டுக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது.

"இதோ மாமா" என்று குச்சி கார் ஓரமாகவே முன்பக்கம் நடந்தான்.

"போகாதே!" ஒருவழியாகக் குரல் உடைந்து வெளியே வந்தது. "டேய், போகாதே! வெளியே ஓடு!"

குச்சி நின்றான். பக்கவாட்டுக் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தான். "என்ன மாமா, போங்கறீங்க, போகாதேங்கறீங்க? ஒரு முடிவுக்கு வாங்க."

"முன்னாடி வாடா, கை வலிக்குது" என்றது அந்தக் குரல், அவர் கோபப்படும்போது வரும் அதே கரகரப்போடு.

கை வலிக்கிறது என்று மாமா சொன்னால் குச்சி தாங்கமாட்டான். அவர் தலையை ஆட்டுவதையும் கண்ணால் கெஞ்சுவதையும் வலியில் துடிப்பதாகவே எடுத்துக்கொண்டான். ஒரே எட்டில் வயிற்றை எக்கிக்கொண்டு பம்பருக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்துவிட்டான். பானட் அவனை மறைத்தது.

"எங்க மாமா இருக்கு கேபிள்? இங்க ஒண்ணையும் காணோமே." பிறகு ஒரு நொடி கழித்து, வேறு மாதிரி: "மாமா."

"வெளியே வா!"

"மாமா, எனக்குப் பின்னாடி ஒரு ஆள் நிக்கிறாரு."

அவனுக்குப் பின்னால் இருந்தது சுவர்.

மீட்டர் போர்டில் விளக்கு எரிந்தது. முதலில் சிவப்பு, பிறகு பச்சை, பிறகு எல்லாமே. வேக முள் நடுங்கிக்கொண்டு எழுந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். பேட்டரி ஷெட்டு வாசலில், வெயிலில், வைத்த இடத்திலேயே இருந்தது. சாவித் துவாரத்தில் சாவி இல்லை.

வண்டியைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் உறுமியது. கார் முன்னால் எகிறியது.

குச்சி அலறினான்.

எத்தனையோ வண்டிகளில் உட்கார்ந்த கால்கள் அவை. மூளை உத்தரவு போடுவதற்கு முன்பே இடது கால் கிளட்சை மிதித்துவிட்டது. வண்டி நின்றது. மோட்டார் நிற்கவில்லை, உறுமிக்கொண்டே இருந்தது. பிரேக்கை மிதித்தார், அது ஒரு தடையும் இல்லாமல் தரை வரை போனது. அப்போதுதான் அவருக்கு விஷயம் விளங்கியது. வண்டி கியரில் இருக்கிறது. கிளட்சிலிருந்து காலை எடுத்தால் மறுபடி முன்னால் பாயும். பாய்ந்தால் குச்சிக்கு மிச்சம் எதுவும் இருக்காது. சீட்டில் ஏறியதும் கியரை ஆட்டிப் பார்ப்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. ஓடாத வண்டிதானே என்று இன்று அதைச் செய்யவில்லை.

"மாப்ள! உசுரோட இருக்கியா?"

"தொடை மாட்டிக்கிச்சு மாமா. நசுங்கல. அசைய முடியல." மூச்சு வாங்கியது. "இந்த ஆளு என்னைக் கட்டிப் பிடிச்சிருக்காரு. விடச் சொல்லுங்க."

இடது கையால் கியர்க் கம்பியைப் பிடித்து இழுத்தார். அது தரையோடு வார்த்தது போல் நின்றது. வலது கை உள்ளே மாட்டியிருக்கிறது. இடது கால் கிளட்சில் மாட்டியிருக்கிறது. அந்தக் காலை மீட்டுக்கொண்டால் மச்சினன் சாவான். பழைய கிளட்ச், இரும்பு மாதிரிக் கனம். கெண்டைக்கால் சதை இப்போதே துடிக்க ஆரம்பித்திருந்தது. இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்று அவருக்கே தெரியவில்லை. காலையில் வாசலில் நின்ற மனைவியின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. அவரால் அதைப் பார்க்க முடியவில்லை.

"டீச்சர்! யாராவது வாங்க!"

சத்தம் கேட்டு டீச்சர் ஏற்கெனவே வந்திருந்தார். ஷெட்டு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். எரிகிற விளக்குகளைப் பார்த்தார். பானட்டைப் பார்த்தார்.

"தள்ளுன்னு சொன்னீங்களா?" என்று கேட்டார்.

"என்ன?"

"உங்க ஆள் இல்லாதப்ப, தள்ளுன்னு சொன்னீங்களா?"

அவர் தலையாட்டினார்.

"நானும் அன்னைக்கு அதான் சொன்னேன்." டீச்சரின் குரல் பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது போல ஏற்ற இறக்கமில்லாமல் இருந்தது. "மீட்டர் ஓடலைன்னு என் வீட்டுக்காரர் தானே கழட்டறேன்னாரு. அவர் முன்னாடி நின்னாரு. நான் நீங்க இருக்கிற இடத்துல. தள்ளுன்னு சொல்லச் சொன்னாரு, சொன்னேன். விளக்கு எரியுதான்னு பாக்கச் சாவியைத் திருப்புன்னாரு, திருப்பினேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கியர்ல இருந்தது தெரியாது. பின்னாடி எடு, பின்னாடி எடுன்னு கத்தினாரு. எதைத் தொடணும்னு தெரியாம ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். அக்கம்பக்கத்துல வந்து வண்டியை நகர்த்துறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு."

"அம்மா, என் கால் தாங்காது. கியரை எடுங்கம்மா. எப்படின்னு நான் சொல்றேன்."

"சொல்ல வேண்டாம்" என்றார் டீச்சர். "அப்புறம் கத்துக்கிட்டேன். எதுக்குக் கத்துக்கிட்டேன்னு கேக்காதீங்க."

இத்தனை வருடம் தாண்டாத வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தார். இடப்பக்கக் கதவைத் திறந்து சீட்டில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மீட்டர்காரர் உயிரைக் கொடுத்து இழுத்தும் அசையாத கியர்க் கம்பி, அவர் கை பட்டதும் வெண்ணெயில் போவது போலப் போய் ரிவர்ஸில் விழுந்தது.

"இதோ எடுத்துட்டேங்க" என்றார் டீச்சர், பானட்டைப் பார்த்து. "பின்னாடி எடுத்துட்டேன்." பிறகு மீட்டர்காரரிடம், "காலை எடுங்க" என்றார்.

அவர் காலை எடுத்தார்.

கார் முனகிக்கொண்டு பின்னால் நகர்ந்தது. தள்ளாடித் தள்ளாடி, வெயில் விழுந்த இடம் வரை வந்தது. விளக்குகள் அணைந்தன. மோட்டார் அடங்கியது. முட்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்துக்கொண்டன.

உள்ளே பிடித்திருந்த கை விட்டுவிட்டது.

மீட்டர்காரர் கையை உருவினார். மணிக்கட்டில் விரல் தடங்கள் சிவந்திருந்தன. அதைப் பார்க்கக்கூட நிற்காமல், கதவை உதைத்துத் திறந்துகொண்டு முன்பக்கம் ஓடினார். சுவரோரம் குச்சி உட்கார்ந்திருந்தான். பேன்ட் கிழிந்திருந்தது. தொடையில் சிராய்ப்பு. வேறு ஒன்றும் இல்லை. உயிரோடு இருந்தான். மீட்டர்காரருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மண்டியிட்டு அவன் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"மாப்ள! அக்கா என்னைக் கொன்னே போட்டிருப்பாடா."

குச்சி அவர் கையை மெதுவாகத் தோளிலிருந்து எடுத்தான். எழுந்தான். நிமிர்ந்து நின்று, நெடுநாள் படுத்தவன் எழுந்ததுபோல முதுகை வளைத்து நெட்டி முறித்தான். ஆழமாக மூச்சை இழுத்தான். பிறகு அவரைத் தாண்டி, காரிலிருந்து இறங்கி நின்ற டீச்சரைப் பார்த்தான்.

"ஏன் கண்ணாடி, இவ்வளவு நேரமா?"

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். "அப்படி என்னை அவரு மட்டுந்தான் கூப்பிடுவாரு" என்றார். விரல்களுக்கு நடுவே வந்தது அந்தக் குரல். "வேற யாருக்கும் அந்தப் பேரு தெரியாது."

"டேய், விளையாடாதே" என்றார் மீட்டர்காரர்.

குச்சி திரும்பிப் பார்த்தான். முகம் அதேதான். அதே கண், அதே பல். ஆனால் மாமா என்று ஒரு தடவைகூடக் கூப்பிடாத முகம் அது. வீட்டுக்கு வந்த வேலையாளைப் பார்க்கும் மரியாதையோடு சிரித்தான்.

"மீட்டர் கழட்ட வந்தவரா? நல்லது. வேலையை முடிச்சுட்டுப் போங்க."

டீச்சர் மெல்ல நடந்து வந்து அவன் கையைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்திருக்க வேண்டும். உடனே இரண்டு கைகளாலும் அதைப் பற்றிக்கொண்டார். மீட்டர்காரர் வழியை மறித்து நின்றார்.

"டீச்சர், இது என் மச்சினன். என் பொண்டாட்டியோட தம்பி. வீட்டுல அவ காத்துக்கிட்டிருப்பா."

"தெரியும்" என்றார் டீச்சர். அவர் அழுதுகொண்டிருந்தார். அதே நேரத்தில் அந்த முகத்தில், சொல்வதற்கே கூச்சமான ஒரு சந்தோஷம் இருந்தது. "என்னை மன்னிச்சுடுங்க. ரெண்டாவது தடவையும் என்னால அவரை விட முடியாது."

மீட்டர்காரர் மச்சினனின் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவன் பலமில்லாத பயல். ஒரு கையால் தூக்கிவிடலாம். இன்று, அந்தக் கார் இழுத்தபோது அசையாதது போலவே அசையாமல் நின்றான். சட்டைதான் கிழிந்தது. இருவரும் கை கோத்தபடி வெயிலில் நடந்து வீட்டுக்குள் போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

அவர் கதவைத் தட்டினார், உதைத்தார், ஊரைக் கூட்டலாமா என்று கேட் வரை ஓடினார். கூட்டி என்ன சொல்வது? உயிரோடு, பெரிய காயமில்லாமல், தன் காலால் நடந்து போன ஆளைக் காணவில்லை என்று சொல்வதா? வீட்டுக்குப் போய் மனைவியிடம் என்ன சொல்வது? அவனை இழுத்துக்கொண்டே போனாலும், அக்காவைப் பார்த்து, யாரம்மா நீ என்று கேட்கிற ஒருவனை அவள் முன்னால் எப்படி நிறுத்துவது?

கேட்டில் கை வைத்து நின்றபோதுதான் ஷெட்டிலிருந்து அது கேட்டது.

டக். டக்.

தகட்டில் விரல் தட்டும் சத்தம். காருக்குள்ளிருந்து வந்தது.

அவர் ஷெட்டுக்குத் திரும்பினார். கார் நின்றிருந்தது. ஆனால் வெயில் படும் இடத்தில் நிற்கவில்லை. மறுபடி சுவரை ஒட்டி, பம்பருக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஒல்லியான ஆளுக்கு மட்டும் இடம் விட்டு நின்றிருந்தது. அந்த இடத்தில் யாரும் இல்லை. குனிந்து, தொட்டு, தடவிப் பார்த்தார். யாரும் இல்லை.

டக். டக்.

கதவு திறந்தே கிடந்தது. அவர் சீட்டில் உட்கார்ந்தார். மீட்டர் போர்டில் ஒரே ஒரு குட்டி பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"மாமா." தகட்டுக்கு அந்தப் பக்கமிருந்து, மிக மெல்ல, மூச்சுத் திணறலோடு வந்தது. "நான் தள்ளிக்கிட்டேதான் இருக்கேன். இழுங்க மாமா. இங்க ரொம்ப நெருக்கமா இருக்கு."

ஓடிப்போய்விடு என்று உடம்பு முழுவதும் சொன்னது. அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். முழுக்கைச் சட்டையைத் தோள் வரை சுருட்டினார்.

"பயப்படாதடா. மாமா இங்கதான் இருக்கேன். தள்ளு."

மீட்டருக்குப் பின்னால் இருட்டுக்குள் கையை விட்டார். ஐந்து மெலிந்த விரல்கள் வந்து இறுகப் பற்றின. வேக முள் நடுங்கிக்கொண்டு எழுந்தது. இந்தத் தடவை அவர் கையை உருவப் பார்க்கவில்லை.